1624, ஜனவரி 1

ஐரோப்பாவின் மதப்போர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து சேர்ந்துகொள்கிறது. "நூறு வருஷம் அடித்துக்கொண்டார்கள், ஓய்ந்துபோனார்கள், பிறகு சகிப்புத்தன்மையைக் கற்றுக்கொண்டார்கள்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முதல் இரண்டு பகுதியில் எனக்குச் சண்டையில்லை. மூன்றாவதுதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. 1648-ல் முப்பதாண்டுப் போரை முடித்த வெஸ்ட்ஃபாலியா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் எதிர்த்தரப்பின் நம்பிக்கையும் நம்முடையதைப் போன்றதுதான் என்று மனம் மாறியவர்களைத் தேடிப் பார்த்தால் கிடைப்பது அரிது. போப்பாண்டவரின் தூதர் ஃபாபியோ கிஜி, பதிதர்களோடு ஒரே மேசையில் உட்கார மாட்டேன் என்று கடைசிவரை மறுத்தவர். அதனாலும் பேச்சுவார்த்தை இரண்டு ஊர்களில் நடந்தது: கத்தோலிக்கத் தரப்பு முன்ஸ்டரில், புராட்டஸ்டண்ட் தரப்பு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளி ஓஸ்னாப்ரூக்கில். ஒப்பந்தம் முடிந்ததும் போப் பத்தாம் இன்னசென்ட் அது செல்லாது என்று கண்டித்து எழுதினார். இது வரும் என்று தெரிந்தே, எந்தத் திருச்சபைக் கண்டனமும் இந்த ஒப்பந்தத்தைக் கட்டுப்படுத்தாது என்று உள்ளேயே ஒரு பிரிவை முன்கூட்டி எழுதிவைத்திருந்தார்கள்.

அப்படியானால் சண்டை எப்படி நின்றது? பதில் ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவில் இருக்கிறது. அது கவித்துவமே இல்லாத பதில்: ஒரு தேதி. 1624 ஜனவரி 1 அன்று எந்தக் கோயில், எந்த மடம், எந்தச் சொத்து யார் கையில் இருந்ததோ, அது அவருக்கே. வழிபாட்டுரிமைக்கு மட்டும் கொஞ்சம் தாராளம். 1624-ஆம் ஆண்டின் ஏதாவது ஒரு பகுதியில் வழிபாடு நடந்திருந்தாலே போதும். யார் சொல்வது வேதத்துக்குப் பொருத்தம் என்ற கேள்வி அந்தப் பிரிவில் எங்குமே வராது. "கடவுளின் அருளால் மதத்தைப் பற்றி உடன்பாடு ஏற்படும்வரை" இந்த ஏற்பாடு என்று ஒரு வரி மட்டும் உண்டு. தற்காலிகம் என்று சொல்லிப் போட்ட பந்தல். ஜெர்மன் நாடுகளை உள்ளடக்கிய புனித ரோமப் பேரரசு கலையும்வரை, ஒன்றரை நூற்றாண்டு நின்றது.

கை தூக்கி எண்ணிப் பார்த்தபோது

இந்தத் தேதியின் அருமை தெரிய வேண்டுமானால், அதற்கு முன் நியாயமான வழிகள் எப்படிக் கவிழ்ந்தன என்று பார்க்க வேண்டும். ஆக்ஸ்பர்க் நகரத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. மக்களில் பெரும்பகுதி லுத்தரன்கள், அதாவது மார்ட்டின் லூதர் வழிவந்த புராட்டஸ்டண்டுகள். நகரசபையிலோ கத்தோலிக்கர்களின் கை ஓங்கியிருந்தது. காரணம், 1548-ல் பேரரசர் ஐந்தாம் கார்ல் கைவினைஞர் சங்கங்களின் ஆட்சியைக் கலைத்து, அதிகாரத்தைச் சில உயர்குடும்பங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். இந்த நிலையில் 1582-ல் போப் பதின்மூன்றாம் கிரகோரி பத்து நாட்களை வெட்டி எறிந்து புதிய நாட்காட்டியைக் கொண்டுவந்தார். ரோமிலும் ஸ்பெயினிலும் அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. ஆக்ஸ்பர்க் ஆயரின் ஆட்சிப்பகுதி 1583 பிப்ரவரியிலும், பக்கத்திலிருந்த பவேரியா அதே ஆண்டு அக்டோபரிலும் மாறின. நகரசபை சொன்ன காரணம் சந்தைக்காரன் சொல்லும் காரணம்தான்: சுற்றிலும் எல்லோரும் ஒரு தேதியில் இருக்க நாம் மட்டும் வேறு தேதியில் இருந்தால் சந்தை நாள், கடன் தவணை, வழக்கு வாய்தா எல்லாம் குழம்பும். வாக்கெடுத்தார்கள், பெரும்பான்மையில் நிறைவேறியது. எதிர்த்தவர்கள் ஸ்பையரில் இருந்த பேரரசின் உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1584-ல் நகரசபைக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. வாக்கு, வழக்கு, தீர்ப்பு. முறைப்படி எதிலும் குறை சொல்ல முடியாது.

பத்து நாள் வித்தியாசத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றலாம். வித்தியாசம் பத்து நாளோடு நிற்காது என்பதுதான் விஷயம். ஈஸ்டர் என்பது மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு. 1584-ல் மார்ச் கடைசி வாரத்தில் ஒரு பௌர்ணமி வந்தது. புதிய கணக்கில் அது மார்ச் 21-ஐத் தாண்டிவிட்டது, எனவே செல்லும். பழைய கணக்கிலோ அன்று மார்ச் பாதிதான் ஆகியிருந்தது, எனவே அடுத்த பௌர்ணமிக்குக் காத்திருக்க வேண்டும். விளைவு: கத்தோலிக்கர்களுக்கு ஏப்ரல் 1-ஆம் தேதி ஈஸ்டர், லுத்தரன்களுக்கு அதே புதிய நாட்காட்டியில் எண்ணினால் ஏப்ரல் 29. ஒரே தெருவில் நான்கு வாரத் தூரம். ஈஸ்டர் நகர்ந்தால் அதோடு கோத்திருக்கும் நாட்கள் எல்லாம் நகரும். இறைச்சி தவிர்க்கும் நோன்புக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் ஒரு வீட்டில் பிப்ரவரி 15, எதிர்வீட்டில் மார்ச் 14. இறைச்சிக் கடைக்காரன் எந்த வாரம் ஆடு அறுப்பது, எந்த வாரம் கடையை அடைப்பது? புதிய கணக்கை மதிக்காத கடைக்காரர்கள் மீது நகரசபை நடவடிக்கை எடுத்தது. வானியல் சர்ச்சை இப்படித்தான் அடுப்படிக்கு வந்து சேர்ந்தது.

உடைப்பு ஏற்பட்டது இயேசு விண்ணுக்குச் சென்ற திருநாளில். (தமிழ்நாட்டில் கத்தோலிக்கர் அதை விண்ணேற்றம் என்பார்கள், சீர்திருத்தச் சபையார் பரமேறுதல் என்பார்கள், அவர்களுடைய தவக்காலம் இவர்களுக்கு லெந்து, அவர்களுடைய பூசை இவர்களுக்கு ஆராதனை. 1706-ல் லுத்தரன் மிஷனரிகள் தரங்கம்பாடியில் இறங்கியதிலிருந்து வளர்ந்த இரட்டை அகராதி அது. வீரமாமுனிவர் அவர்களை மறுத்துத் தமிழிலேயே நூல்கள் எழுதினார். ஜெர்மனியின் சண்டை காவிரிக் கரைவரை நடந்து வந்த கதை தனியே எழுத வேண்டியது.) ஆக்ஸ்பர்க் லுத்தரன் போதகர்களின் தலைவர் கேயார்க் மியூலர், அந்தத் திருநாளைப் பழைய கணக்கிலேயே கொண்டாடுவோம் என்று அறிவித்தார். புதிய தேதிப்படி ஜூன் 7 வியாழன். அதற்கு மூன்று நாள் முன்பு, ஜூன் 4 அன்று, நகரசபை அவரை வண்டியில் ஏற்றி ஊரைவிட்டு வெளியேற்ற முயன்றது. வண்டி நகரவாசலைத் தாண்டுவதற்குள் கூட்டம் மறித்து அவரை இறக்கிவிட்டது. அபாய மணி அடித்தது. ஆயுதம் தாங்கிய நகரத்தார் நகர மண்டபத்துக்கு முன்னால் வந்து நின்றார்கள். பெரிய ரத்தக்களரி ஆகாமல் பேசித் தணித்தார்கள். மியூலர் வெளியேறத்தான் நேர்ந்தது. புதிய நாட்காட்டி நிலைத்தது. ஆனால் நகரத்தார் ஒன்றைப் புரிந்துகொண்டார்கள்: வாக்கெடுப்பு என்பது எல்லோரும் ஏற்ற ஒரு கேள்விக்குத்தான் பதில் தரும். இந்தக் கேள்வியை வாக்குக்கு விடவே உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று ஒரு தரப்பு நினைத்துவிட்டால், எண்ணிக்கை எத்தனை சரியாக இருந்தாலும் பிரயோஜனமில்லை.

தேதிப் பேரம்

அடுத்து நடந்தது ஒரு தேதியைத் தவறாகத் தேர்ந்தெடுத்ததன் கதை. 1629 மார்ச் 6 அன்று, போரில் மேலோங்கியிருந்த பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட் சொத்து மீட்பு ஆணையை வெளியிட்டார். 1552-க்குப் பிறகு புராட்டஸ்டண்ட் ஆட்சியாளர்கள் கைப்பற்றிய மடங்களும் ஆயர் பீடங்களும் திரும்ப வர வேண்டும். தேதியை அளவுகோலாக வைக்கும் யோசனை அப்போதே இருந்திருக்கிறது. ஆனால் அது ஒரு தரப்பு மட்டும் வைத்த தேதி, அதுவும் 77 வருஷம் பின்னோக்கி. மூன்று தலைமுறை கடந்துவிட்ட சொத்து. மடத்து நிலத்தில் பள்ளிக்கூடம் நடக்கிறது, போதகர் குடும்பம் குடியிருக்கிறது, குத்தகை கைமாறியிருக்கிறது. வெற்றியின் உச்சியில் எழுதிய அந்த ஆணைதான், அதுவரை ஒதுங்கி நின்ற லுத்தரன் இளவரசர்களையும் எதிர்ப்பக்கம் தள்ளியது. ஆக்ஸ்பர்க்கில் அதே ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று லுத்தரன் வழிபாடு தடைசெய்யப்பட்டது. 1632-ல் ஸ்வீடன் அரசர் குஸ்தாவ் அடோல்ஃப் படையோடு வந்ததும் நிலைமை தலைகீழ். 1635-ல் பேரரசர் படை திரும்பியதும் மறுபடி தலைகீழ். அதன்பிறகு பதினான்கு ஆண்டு, நகரத்தின் பெரும்பான்மையினர் புனித அன்னா கல்விக்கூடத்தின் முற்றத்தில், வெட்டவெளியில், மழையிலும் பனியிலும் நின்று வழிபட்டார்கள்.

எனவே ஓஸ்னாப்ரூக்கில் உட்கார்ந்தபோது இரண்டு தரப்புக்கும் தேதி என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. புராட்டஸ்டண்டுகள் கேட்டது 1618, அதாவது போருக்கு முந்தைய நிலை. கத்தோலிக்கத் தரப்பு முதலில் கேட்டது 1630, அதாவது மீட்பு ஆணையின் பலன் கைக்கு வந்தபின். 1635-ன் பிராக் ஒப்பந்தத்தில் 1627 நவம்பர் 12 என்று ஒரு தேதி ஏற்கெனவே பயன்பட்டிருந்தது. கடைசியில் நின்றது 1624. ஏன் அது? 1620-ல் வெள்ளைமலைப் போர் முடிந்து போஹீமியா பேரரசரின் குடும்பமான ஹாப்ஸ்பர்க் கைக்கு வந்துவிட்டது, 1622-ல் ஹைடெல்பர்க் கத்தோலிக்கப் படையிடம் விழுந்துவிட்டது. அதனால் 1624-ஐ ஒப்புக்கொண்டால் கத்தோலிக்கத் தரப்பு தெற்கில் வென்றதில் கணிசமானது மிஞ்சும். டென்மார்க் போர் 1625-ல்தான் வடக்கே தொடங்கியது, மீட்பு ஆணை 1629-ல். அதனால் மாக்டபர்க், பிரேமன், ஹால்பர்ஷ்டாட் போன்ற வடக்குப் பீடங்களில் லுத்தரன்களின் பிடி கலையாமல் இருந்த கடைசிக் காலம் அது. இருவருக்கும் முழுத் திருப்தி தராத, ஆனால் இருவருக்கும் சட்டைப்பையில் ஏதோ மிச்சம் வைக்கும் வருஷம். நடுவில் கோடு போட்டதால் வந்த ஆண்டு என்று பல இடங்களில் படிக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது படை நகர்ந்த வரைபடத்தை வருஷவாரியாக விரித்துவைத்துப் பார்த்தவர்கள் பொறுக்கியெடுத்த ஆண்டு.

தேதியை ஒப்புக்கொண்டவர்கள் தேதியை எழுதுவதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஓஸ்னாப்ரூக் ஒப்பந்தத்தின் அடியில் நாள் பின்னமாக இருக்கிறது: 14/24 அக்டோபர் 1648. மேலே பழைய கணக்கு, கீழே புதியது. ஜெர்மன் புராட்டஸ்டண்ட் நாடுகள் 1700-ல்தான் நாட்காட்டியை மாற்றின. அதிலும், ஈஸ்டரை மட்டும் போப்பாண்டவரின் அட்டவணைப்படி போடாமல் கெப்ளரின் வானியல் அட்டவணையை வைத்துக் கணக்கிட்டார்கள். பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே வந்தன; 1724-லும் 1744-லும் ஒரு வாரம் விலகின.

ஆக்ஸ்பர்க் கணக்குப்பிள்ளைகள்

ஆக்ஸ்பர்க்குக்குத் தேதி மட்டும் போதவில்லை. கோயில் யாருடையது என்பதைத் தேதி சொல்லிவிடும். நாற்காலி யாருடையது என்று சொல்லாது. அதற்காக ஒப்பந்தத்திலேயே தனியாக ஒரு கணக்கு போட்டார்கள், அதைப் படிக்கும்போது ஒரு கூட்டுக்குடும்பத்தின் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் படிப்பது போலவே இருக்கிறது. நகரத் தலைவர்கள் இருவர்: ஒரு கத்தோலிக்கர், ஒரு லுத்தரன். அந்தரங்க ஆலோசனைக் குழுவில் அவர்களைச் சேர்த்து ஏழு பேர். மீதி ஐந்தில் கத்தோலிக்கர் மூவர், லுத்தரன் இருவர். நகரசபையின் மற்ற இடங்கள், நகர வழக்கறிஞர்கள், நீதிபதிகள் என்று எல்லாமே சரிபாதி. கருவூலத்துக்கு மூன்று அதிகாரிகள். மூன்றைச் சரிபாதி ஆக்க முடியாதே? முதல் வருஷம் இரண்டு கத்தோலிக்கர், ஒரு லுத்தரன். அடுத்த வருஷம் இரண்டு லுத்தரன், ஒரு கத்தோலிக்கர். இப்படியே மாறி மாறி. ஆயுதக் கிடங்கு, தானியம், கட்டடம் ஆகியவற்றுக்கும் அதே விதி. அதிலும் ஒரு நுணுக்கம்: கருவூலத்தில் கத்தோலிக்கர் இருவராக இருக்கும் வருஷம், ஆயுதக் கிடங்கில் லுத்தரன் இருவராக இருக்க வேண்டும். பணமும் துப்பாக்கியும் ஒரே வருஷத்தில் ஒரே கையில் சேரக் கூடாது. ஒருவர் மட்டுமே வகிக்கக்கூடிய பதவி என்றால் முறை வைத்துக்கொள்வது. ஆலோசனைக் குழுவில் கத்தோலிக்கர்களுக்கு இருந்த அந்த ஓரிடப் பெரும்பான்மையை மத விஷயத்தில் பயன்படுத்தக் கூடாது என்றும் எழுதியிருந்தது. 1583-ன் வாக்கெடுப்பை யாரோ மறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

இதே பாடம் பேரரசு அளவிலும் போனது. பேரரசின் பொதுச்சபையில் மத விவகாரம் என்று வந்துவிட்டால் பெரும்பான்மை செல்லாது. சபை இரண்டு அணியாகப் பிரிந்து தனித்தனியே உட்கார வேண்டும், இரண்டும் ஒத்துப்போனால்தான் முடிவு. கத்தோலிக்க அணிக்கு மைன்ஸ் பேராயர் தலைமை, புராட்டஸ்டண்ட் அணிக்கு சாக்ஸனியின் இளவரசர். இதில் ஒரு வேடிக்கை. 1697-ல் சாக்ஸனியின் ஆகஸ்ட் போலந்தின் அரசராவதற்காகக் கத்தோலிக்கராக மாறினார். நூறு வருஷம் முன்பு என்றால் ஆட்சியாளர் மாறினால் நாடே மாற வேண்டும், இல்லையேல் மூட்டை கட்ட வேண்டும். இப்போது தேதி குறுக்கே நின்றது. குடிமக்கள் 1624-ல் லுத்தரன், எனவே லுத்தரனாகவே இருப்பார்கள். அரசர் தன் அரண்மனையில் பூசை கண்டுகொள்ளலாம். புராட்டஸ்டண்ட் அணியின் தலைமைப் பொறுப்புகூடச் சாக்ஸனியை விட்டுப் போகவில்லை. கத்தோலிக்க மன்னரின் நாடு புராட்டஸ்டண்டுகளுக்குத் தலைமை தாங்கிய கதை இப்படி.

சரிபாதிக்கு விலையும் இருந்தது. விகிதம் மக்கள்தொகையைப் பார்க்காது. 1648-ல் லுத்தரன்கள் பெரும்பான்மை, அவர்களுக்குப் பாதி கிடைத்தது குறைவு. பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் கத்தோலிக்கர்கள் பெரும்பான்மை ஆகிவிட்டார்கள், அப்போது அவர்களுக்குப் பாதி குறைவு. எல்லாமே இரட்டை என்பதால் செலவும் இரட்டை. யாராவது மதம் மாறினால், கலப்பு மணம் செய்துகொண்டால், அது அந்த வீட்டோடு முடியாது, நகரத்தின் கணக்கே ஆடும். அதனால் இரண்டு சமூகமும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டு, பெண் கொடுக்காமல், பிள்ளைகளுக்கு வேறு வேறு பெயர் வைத்துக்கொண்டு வாழ்ந்தன. நகரின் தெற்கு முனையில் புனித உல்ரிக், புனித அஃப்ரா பேராலயம் வானுயர நிற்கிறது, அதன் வாசலில் ஒட்டிக்கொண்டு சின்னதாக ஒரு லுத்தரன் உல்ரிக் கோயில். இரண்டு கூரை, ஒரே புனிதர். வழிபாடு பறிபோன ஆகஸ்ட் 8-ஐ லுத்தரன்கள் 1650 முதல் சமாதானத் திருநாளாகக் கொண்டாடினார்கள். இன்றும் ஜெர்மனியில் அந்த ஒரு நகரத்துக்கு மட்டும் அன்று அரசு விடுமுறை.

1624-ல் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

தேதி விதி சுலபமாகத் தெரியும், நடைமுறையில் ஒரு பெரிய சிக்கல். அன்றைக்கு இந்தக் கோயில் கத்தோலிக்கமா லுத்தரனா என்று கேட்டால், அந்தக் கோயிலுக்கே விடை தெரிந்திருக்க வேண்டுமே! வடமேற்கு ஜெர்மனியில், குறிப்பாக ஓஸ்னாப்ரூக் மறைமாவட்டத்தில், பல கிராமங்களுக்குத் தெரியாது. 1624, 25-ல் ஆல்பர்ட் லூசெனியுஸ் என்ற ஆயர் பிரதிநிதி ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுதிய குறிப்புகள் இருக்கின்றன. பூசை வைக்கும் பாதிரியார், அவருக்கு வீட்டில் மனைவி போல ஒருத்தி, பிள்ளைகள். நற்கருணையில் அப்பத்தோடு ரசமும் மக்களுக்குக் கொடுக்கிறார், பாட்டு ஜெர்மன் மொழியில். இவரை எந்தப் பேரேட்டில் எழுதுவது? வழிதவறிய ஊர்களைத் திரும்பக் கத்தோலிக்கமாக்கும் நோக்கத்தோடு எழுதிய குறிப்பு, 1650-ல் பேரரசர் தரப்பின் ஐசக் வோல்மார் ஊர் வாரியாகத் தீர்ப்புச் சொன்னபோது சான்றாக வந்து நின்றது. மங்கலான ஆள் எல்லாம் ஏதாவது ஒரு பக்கம் தள்ளப்பட்டார். எந்தப் பக்கமும் சேராமல் இருந்த வாழ்க்கை ஒன்று அந்தக் கிராமங்களில் இருந்தது. சமாதானம்தான் அதை முடித்துவைத்தது. இந்த இடத்தை நான் எளிதாகக் கடந்துபோக முடிவதில்லை.

தப்பிப் பிழைத்த ஓர் ஊர் கோல்டன்ஷ்டெட். அங்கே இரண்டு ஆட்சிகளின் உரிமை பின்னிக்கிடந்ததால் தள்ளவும் முடியவில்லை, பிரிக்கவும் முடியவில்லை. கத்தோலிக்கக் குருவானவர் பீடத்தில் பூசை வைக்க, லுத்தரன் சபையார் அதே நேரத்தில் அதே கோயிலில் தங்கள் ஜெர்மன் பாடல்களைப் பாடினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இப்படி ஓடியது. ஓஸ்னாப்ரூக்கின் ஆயர் பதவிக்கோ ஆக்ஸ்பர்க் கருவூலத்தின் வைத்தியமே: ஒருமுறை கத்தோலிக்க ஆயர், அடுத்தமுறை பிரவுன்ஷ்வைக்-லூனபர்க் குடும்பத்திலிருந்து ஒரு லுத்தரன். முறை தவறக் கூடாது என்பதற்காக 1764-ல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜின் மகன் ஃபிரெடெரிக் ஆயரானார். வயது ஆறு மாதம். லுத்தரன் ஆயர் இருக்கும் காலத்தில் கத்தோலிக்கர்களின் ஆன்மிக நிர்வாகத்தைக் கொலோன் பேராயர் பார்த்துக்கொள்வார் என்பதும் எழுதிவைத்த விதி.

களிமண், வைக்கோல், மரம்

தேதி எட்டாத நிலமும் இருந்தது. ஹாப்ஸ்பர்க் தன் சொந்த நாடுகளை விதியிலிருந்து விலக்கிக்கொண்டது. சிலேசியாவின் லுத்தரன்களுக்கு ஸ்வீடனின் வற்புறுத்தலால் கிடைத்தது மூன்றே மூன்று கோயில்: ஷ்வைட்நிட்ஸ், யாவர், க்ளோகாவ். நிபந்தனைகளைப் பாருங்கள். நகர மதிலுக்கு வெளியே இருக்க வேண்டும். கல்லோ செங்கல்லோ கூடாது. மரம், களிமண், வைக்கோல் மட்டும். கோபுரம் கூடாது, மணி கூடாது. ஒரு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். மதிலிலிருந்து பீரங்கிக் குண்டு எட்டும் தூரம். நாளைக்கு எதிரி வந்து அதற்குள் ஒளிந்தால் சுட்டு வீழ்த்தத் தோதாக. அனுமதி கொடுத்தவர்கள் அது நிற்காது என்று எதிர்பார்த்தார்கள் என்பது நிபந்தனையிலேயே தெரிகிறது.

ஷ்வைட்நிட்ஸ், யாவர் இரண்டையும் வடிவமைத்தவர் ஆல்பிரெக்ட் ஃபான் ஸேபிஷ் என்ற பிரெஸ்லாவ் கோட்டைப் பொறியாளர். மரச்சட்டத்தை எலும்புக்கூடாக நிறுத்தி, இடைவெளியைக் களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து அடைத்தார். உயரே போகத் தடை, எனவே உள்ளே அடுக்கினார்: சுவரைச் சுற்றி மாடம், அதற்கு மேல் மாடம், அதற்கும் மேல். ஷ்வைட்நிட்ஸ் கோயிலை 1656-ல் தொடங்கி 1657-ல் முடித்தார்கள். 7500 பேர் கொள்ளும், அதில் 3000 பேர் உட்காரலாம். மறைமுகமாகக் கூடி வழிபட்டுக்கொண்டிருந்த சுற்றுவட்டாரம் முழுவதற்கும் அது ஒன்றுதான் என்பதால் அத்தனை இடம் தேவைப்பட்டது. மணிக்கு அனுமதி 1707-ல் ஸ்வீடனின் பன்னிரண்டாம் கார்ல் படையோடு வந்து ஆல்ட்ரான்ஷ்டெட்டில் பேரரசரை ஒப்புக்கொள்ள வைத்தபிறகே கிடைத்தது. க்ளோகாவ் கோயில் 1758-ல் எரிந்துபோனது. மற்ற இரண்டும் இன்றும் போலந்தில் நிற்கின்றன. ஐரோப்பாவில் மரச்சட்டத்தில் கட்டிய இவ்வளவு பெரிய வழிபாட்டுக் கட்டடங்கள் வேறில்லை. யுனெஸ்கோ 2001-ல் பட்டியலில் சேர்த்தது.

விதிக்குள்ளே இருந்தும் ஏமாற்றியவர்கள் உண்டு. 1624-ல் வழிபாட்டுரிமை இல்லாதவர்களை வெளியேற்றலாம், ஆனால் குறைந்தது மூன்று வருஷ அவகாசம் கொடுக்க வேண்டும். ஸால்ஸ்பர்க் பேராயர் ஃபிர்மியான் 1731-ல் தன் மலைநாட்டு லுத்தரன்களை மதத்துக்காக அல்ல, கலகக்காரர்கள் என்று சொல்லி வெளியேற்றினார். நிலமில்லாத வேலையாட்களுக்கு எட்டு நாள் கெடு, அதுவும் குளிர்காலத்தின் வாசலில். ஏறக்குறைய 20,000 பேர் நடந்தார்கள். பெரும்பாலோரைப் பிரஷ்யா கிழக்கே குடியமர்த்தியது. இங்கே சட்டத்தை யாரும் வெளிப்படையாக மீறவில்லை. வேறு பெயர் சூட்டினார்கள், அவ்வளவே.

ஹைடெல்பர்க் சுவர்

கடைசியாக, ஒரு சுவர். ஹைடெல்பர்க்கைத் தலைநகராகக் கொண்ட பலாடினேட் நாடு கால்வினியர்களுடையது, அதாவது கால்வின் வழிவந்த புராட்டஸ்டண்டுகளுடையது. 1685-ல் ஆட்சி கத்தோலிக்கக் கிளைக்கு மாறியது. பிரெஞ்சுப் படை வந்து பல ஊர்களில் கத்தோலிக்க வழிபாட்டை நுழைத்தது. 1697-ன் ரைஸ்வைக் ஒப்பந்தம் அது அப்படியே நீடிக்கலாம் என்று ஒரு பிரிவைச் சேர்த்துத் தேதி விதியில் ஓட்டை போட்டது. அடுத்த வருஷம் ஆட்சியாளர் யோஹான் வில்ஹெல்ம் கால்வினியக் கோயில்களைக் கத்தோலிக்கரும் பயன்படுத்தலாம் என்றார். கத்தோலிக்கக் கோயில் கால்வினியருக்குத் திறக்கவில்லை. பிரஷ்யா கண்ணை உருட்டியதும் 1705-ல் பாகம் பிரித்தார்கள்: ஏழில் ஐந்து பங்கு கால்வினியருக்கு, இரண்டு பங்கு கத்தோலிக்கருக்கு. ஹைடெல்பர்க்கின் பரிசுத்த ஆவி கோயிலை ஒருவருக்குக் கொடுக்க முடியவில்லை. அதனால் 1706-ல் நடுவில் சுவர் எழுப்பினார்கள். மக்கள் கூடும் நீண்ட மண்டபம் கால்வினியருக்கு, பீடமிருந்த கிழக்குப் பகுதி கத்தோலிக்கருக்கு.

பொதுக்கோயிலில் வரும் தகராறுகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: பிரசங்கம் நீண்டு அடுத்தவர் பூசை நேரத்தைத் தின்றுவிடும், சாவி யாரிடம், மணி யார் அடிப்பது, கூரை ஒழுகினால் யார் செலவு. பவுட்ஸன் நகரில் கிராதி வைத்து, இரண்டு ஆர்கன் வைத்துச் சமாளித்து இன்றுவரை சேர்ந்திருக்கிறார்கள். ஹைடெல்பர்க்கில் சாவியும் மணியும் அல்ல, அரசரே பிரச்சினை. 1719-ல் புதிய ஆட்சியாளர் கார்ல் ஃபிலிப், தன் முன்னோர் அடக்கமான கோயில் முழுவதும் தன் அரண்மனைக் கோயிலாக வேண்டும் என்று சுவரை இடித்து எடுத்துக்கொண்டார். கத்தோலிக்கப் பூசையைச் சபிக்கப்பட்ட விக்கிரக ஆராதனை என்று சொல்லும் எண்பதாம் கேள்விக்காக, கால்வினியரின் கேள்வி-பதில் நூலான ஹைடெல்பர்க் ஞானோபதேசத்தையும் தடைசெய்தார். பிரஷ்யா, ஹனோவர், ஹெஸ்ஸ-காஸல் மூன்றும் தத்தம் நாட்டுக் கத்தோலிக்கர்களின் கழுத்தில் கை வைத்தன: நீ திருப்பிக் கொடுக்கும்வரை இங்கே இவர்கள் கோயில் திறக்காது. அப்பாவிகளைப் பிணையாகப் பிடிக்கும் இந்த அசிங்கமான முறை வேலை செய்தது. பேரரசரும் நெருக்கினார். கார்ல் ஃபிலிப் கோயிலைத் திருப்பிக் கொடுத்தார், சுவரை மறுபடி கட்டவிட்டார், கோபத்தில் 1720-ல் தலைநகரையே மான்ஹைமுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். மான்ஹைமில் இன்றைக்கு நிற்கும் மாபெரும் அரண்மனைக்கு அஸ்திவாரம் போட்டது ஹைடெல்பர்க்கின் இந்த ஒரு சுவர்தான்.

சுவர் நின்றது. பேரரசு 1806-ல் போனது, தேதி விதி போனது, பலாடினேட் என்ற நாடே போனது, சுவர் நின்றது. பல்கலைக்கழகத்தின் 500-ஆவது ஆண்டான 1886-ல் ஒருமுறை அகற்றினார்கள், விழா முடிந்ததும் திரும்பக் கட்டினார்கள். 1936-ல் முழுக் கட்டடமும் புராட்டஸ்டண்ட் சபையின் கைக்கு வந்தது. அதன்பிறகுதான் கொத்தனார்கள் கடைசி முறையாக உள்ளே போனார்கள்.